அலமாரியில் வைத்த கேமரா

யார் எந்தக் கேமராவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாலும் முதலில் அதைக் காதோரம் வைத்துத்தான் பார்ப்பேன். வேகத்தை 1 நொடிக்குத் திருப்பி, நெம்புகோலை இழுத்து, பொத்தானை அமுக்குவேன். ஷட்டர் திரை திறக்கும்போது ஒரு ‘டக்’. அடுத்து உள்ளே சின்னப் பல்சக்கரங்கள் ஓடும் ‘ர்ர்ர்’. மூடும்போது இன்னொரு ‘டக்’. நடுவில் வரும் அந்த ஓசை சுருதி இறங்காமல் ஓடி முடிந்தால் கேமரா நன்றாக இருக்கிறது. இழுத்து இழுத்து ஓடினால் உள்ளே எண்ணெய் பிசினாகிவிட்டது. லென்ஸைக் கழற்றுவதும் திருகாணியைத் தொடுவதும் அதற்குப் பிறகுதான்.

காப்பாரிலிருந்து ஒரு பெண் கொண்டுவந்த பெண்டாக்ஸ் கே1000-ஐயும் அப்படித்தான் கேட்டேன். முதல் ‘டக்’ வந்தது. பிறகு சத்தமே இல்லை. திரை திறந்தபடியே நின்றது. மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு எண்ணும்போது சோர்ந்துபோன ஒரு சத்தத்தோடு மூடியது.

“அப்பாவோடது அண்ணே. தோட்டத்துல கிராணியா இருந்தவரு. 1999-ல இறந்துட்டாரு. அதுக்கப்புறம் யாரும் கை வைக்கல. பத்திரமா அலமாரியிலயே வச்சிருந்தோம்” என்றார்.

‘பத்திரமா’ என்ற சொல்லை இந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்து எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டுவிட்டேன். கேட்டவுடனே, திறந்து பார்க்காமலே உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்துவிடும். கேமரா தோல் உறைக்குள் இருந்திருக்கும். உறைக்கு மேல் பிளாஸ்டிக் பை, பைக்கு இறுக்கமாக ஒரு முடிச்சு. அம்மாவின் பட்டுச்சேலைகளுக்கு அடியில், பாச்சை உருண்டை வாசனையோடு, ஆண்டுக்கணக்கில் இருட்டில் கிடந்திருக்கும். பாசத்தோடு செய்த காரியம்தான். ஆனால் நம் ஊரில் ஒரு கேமராவுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுக்கச் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. கேமராவும் லென்ஸும் 40-லிருந்து 50 விழுக்காட்டுக்குள் இருந்தால் பிழைத்துக்கொள்ளும். 60-ஐத் தாண்டிவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். அதற்கு வேண்டியது ஈரம், இருட்டு, அசையாத காற்று, கொஞ்சம் தீனி. தோல் உறையே அதற்குத் தீனி. லென்ஸில் பட்ட விரலின் எண்ணெய்ப் பசையும் தீனி. முதலில் கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூல்போல மெல்லப் படரும். அந்த நிலையில் கழற்றித் துடைத்தால் போய்விடும். விட்டுவைத்தால் அது கக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரிக்கும், பிறகு கண்ணாடியையே அரிக்கும். குளிர்காலம் உள்ள நாடுகளில் வறண்ட மாதங்கள் வந்து பூஞ்சையை அடக்கிவைக்கும். இங்கே அது ஓயும் மாதம் என்று ஒன்று கிடையாது.

இதற்கு நேர்மாறான கேமரா ஒன்றும் ஆண்டுதோறும் என்னிடம் வந்துகொண்டிருந்தது. தமிழ்ப் பத்திரிகைகளுக்குப் படம் எடுத்துக் கொடுத்த ஒருவரின் நிக்கான் எஃப்எம்2. 1982-இல் நிக்கான் வெளியிட்ட மாடல். 1/4000 நொடி வரை வேகம் உண்டு. ஷட்டர் ஓட பேட்டரி வேண்டாம், மீட்டருக்கு மட்டும்தான் வேண்டும். தைப்பூசம் முடிந்த வாரமே அதைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார். பத்துமலையின் 272 படிகளில் பக்தர்களோடு ஏறி இறங்கிய கேமரா. நெம்புகோலின் அடியில் பாற்குடத்துப் பால் காய்ந்து பிசுபிசுக்கும். வேக வளையத்தின் பற்களுக்கிடையே விபூதி அடைந்திருக்கும். மூலைகளில் கறுப்புப் பூச்சு தேய்ந்து பித்தளை பளபளக்கும். ஒரு பக்கம் லேசாக ஒடுங்கியும் இருந்தது. ஆனால் 1 நொடியில் வைத்துக் கேட்டால் பெட்டியிலிருந்து அன்றைக்குத்தான் எடுத்ததுபோல ஓடும். லென்ஸில் ஒரு பொட்டு பூஞ்சையை நான் பார்த்ததில்லை. தினமும் வெளிச்சத்தையும் காற்றையும் பார்த்த கேமரா. ஷட்டர் ஓடும்போதெல்லாம் எண்ணெயும் ஓடிக்கொண்டே இருந்தது, உறைய நேரமில்லை. என்னிடம் வருபவற்றில் ஓடித் தேய்ந்தவை குறைவு. ஓடாமல் கிடந்து கெட்டவைதான் அதிகம். 40 ஆண்டுக்கு மேல் இந்த மேசையில் உட்கார்ந்தவனாக இதைத்தான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

1983-இல் எஸ்பிஎம் எழுதிவிட்டு பிரிக்பீல்ட்ஸில் கேமரா பழுதுபார்க்கும் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். துன் சம்பந்தன் சாலை எங்கள் வாயில் அப்போது பிரிக்பீல்ட்ஸ் ரோடுதான். கடை என்றால் அஞ்சடியை ஒட்டி, மாடிப்படிக்குக் கீழே ஒரு கண்ணாடித் தடுப்பு, ஒரு மேசை, இரண்டு முக்காலி. தவுக்கே கந்தோனீஸ் பேசும் சீனர். நான் அவரை ‘சீஃபூ’ என்றே கூப்பிட்டேன். மலாயும் தமிழும் கலந்து பேசுவார். என் கை வேகமெடுக்கும்போதெல்லாம் “பெலான்-பெலான், தம்பி” என்பார். இன்றைக்கும் சாமணத்தைக் கையில் எடுத்தால் அந்தக் குரல் கேட்கும்.

முதல் ஆறு மாதம் வாடிக்கையாளர் கேமரா எதையும் தொட விடவில்லை. பாழான கேமராக்களைக் கொடுத்து, திறந்து, திரும்ப மூடச் சொன்னார். ஐஸ் கட்டி வார்க்கும் தட்டு ஒன்று தந்தார். முதலில் கழற்றிய திருகாணி முதல் குழியில், அடுத்தது அடுத்த குழியில். மூடும்போது கடைசிக் குழியிலிருந்து பின்னோக்கி வரவேண்டும். ஒரே மாதிரி தெரியும் திருகாணிகளில் ஒன்று அரை மில்லிமீட்டர் நீளம் கூடுதலாக இருக்கும். அதை இடம் மாற்றிப் போட்டால் உள்ளே ஏதோ ஒரு தகட்டை முட்டி, ஷட்டர் நின்றுபோகும். எந்தக் குறையும் இல்லாத கேமரா, மூடியதும் ஓடாது. காரணம் தேடி ஒருநாள் முழுக்கப் போராடிய பிறகுதான் அந்தத் தட்டின் அருமை எனக்குப் புரிந்தது.

அந்த முதல் ஆண்டில் ஒரு லென்ஸின் அப்பெர்ச்சர் வளையத்தைத் துணி விரிக்காமல் கழற்றினேன். அந்த வளையம் ஒவ்வொரு எண்ணிலும் ‘கிளிக் கிளிக்’ என்று நிற்பதற்குக் காரணம், கடுகைவிடச் சின்ன ஓர் இரும்புக் குண்டும் அதன்கீழே ஒரு ஸ்பிரிங்கும். வளையம் வெளியே வந்த கணமே குண்டு தெறித்துப் போனது. சீஃபூ ஒரு வார்த்தை சொல்லவில்லை. காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார். மாலை வரை கடைத் தரையை, படிக்கட்டை, அஞ்சடியை அந்தக் காந்தத்தால் பெருக்கினேன். கிடைத்தது முக்காலியின் காலடியில். வெள்ளைத் துணி விரிக்காமல் அதன்பிறகு எந்த வளையத்தையும் நான் கழற்றியதில்லை.

காதால் கேட்கக் கற்றுக்கொடுத்தவர் சீஃபூ அல்லர். 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது. அதனால் அந்த வட்டாரத்தில் உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்த பார்வையற்றவர்கள் பலர். அவர்களில் ஒரு பெரியவர் மாலையில் தே ஓ குடிக்க எங்கள் கடைக்கு வருவார். நான் ஷட்டரைத் தட்டித் தட்டிப் பார்ப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் ஒருநாள், “தம்பி, இப்ப அடிச்சதும் முன்ன அடிச்சதும் ஒண்ணா? நீ வளையத்தைத் திருப்பினியே” என்றார். 1/15-லிருந்து 1/30-க்குத் திருப்பியிருந்தேன். வேகம் இரட்டிப்பாகியிருக்க வேண்டும், ஆகவில்லை. என் கண்ணுக்கு அது தெரியவில்லை, அவர் காதுக்குத் தெரிந்தது. அதன்பிறகு மாலை நேரங்களில் விளையாட்டுபோல அவரிடம் கேமராக்களைக் கொடுப்பேன். ஒவ்வொன்றாகக் காதில் வைத்து, “இதுல ஏதோ மணல் கெடக்குது”, “இது காஞ்சு கெடக்குது” என்பார். திறந்து பார்த்தால் அவர் சொன்னதுதான் இருக்கும்.

வேகமான எண்களைக் காதால் அளக்க முடியாது. அதற்கு ஒரு பழைய டிவி வைத்திருக்கிறேன், பின்பக்கம் தொப்பை உள்ள படக்குழாய் டிவி. கேமராவின் பின்கதவைத் திறந்து, அதன் வழியே டிவியின் திரையைப் பார்த்தபடி ஷட்டரை அமுக்கினால் கண்ணுக்கு ஒரு வெளிச்சப் பட்டை தெரியும். நம் நாட்டு டிவியில் ஒரு படத்துக்கு 625 கோடுகள். ஒரு கோடு ஓடி முடிய ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 64 பங்கு நேரம். ஆக 1/1000 நொடிக்குச் சுமார் 16 கோடு அகலத்தில் பட்டை தெரிய வேண்டும், 1/500-க்கு 31. துணித்திரை பக்கவாட்டில் ஓடும் கேமராவில் அந்தப் பட்டை சாய்வாக விழும். ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் இருந்தால் இரண்டு திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை என்று அர்த்தம். படத்தின் ஒரு பக்கம் இருண்டு போவது அதனால்தான். 2019 அக்டோபரில் பழைய ஒளிபரப்பை நிறுத்தி முழுக்க டிஜிட்டலுக்கு மாறினார்கள். என் டிவிக்கு நிகழ்ச்சி வேண்டாம், திரையில் வெளிச்சம் ஓடினால் போதும். இப்போது கைக்கடக்கமான மின்னணு அளவுகோல்கள் வந்துவிட்டன. வாங்கியும் வைத்திருக்கிறேன். இருந்தாலும் ஷட்டர் திரை எப்படி ஓடுகிறது என்று என் கண்ணுக்குக் காட்டுவது அந்த டிவிதான்.

காப்பார் கேமராவுக்கு வருகிறேன். கே1000 1976-இலிருந்து 1997 வரை விற்ற மாடல். உலகம் முழுக்க மாணவர்களும் ஊர்ப்புறப் படக்காரர்களும் வாங்கிய கேமரா. எளிமையான கட்டமைப்பு, முழுக்க இயந்திரம். என் கைக்குப் பிடித்த கேமராவும் அதுதான்.

அடித்தட்டைக் கழற்றியதும் மனம் லேசானது. திருகாணித் தலைகள் எல்லாம் கூர்மையாக இருந்தன, யாரும் முன்பு திறந்ததில்லை. ஜப்பான் திருகாணியின் சிலுவைப் பள்ளம் நாம் கடையில் வாங்கும் ஸ்க்ரூ டிரைவரின் முனையோடு சரியாகப் பொருந்தாது. பொருந்தாத முனையை வைத்து அழுத்தினால் வழுக்கி, தலையைத் தின்றுவிடும். அப்படித் தின்ற தலைகளோடு வரும் கேமராக்களைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும். தையல் மெஷின் எண்ணெயை ஷட்டருக்குள் சொட்டு சொட்டாக விட்டுக் கொண்டுவந்தவரும் உண்டு. நம் வெக்கைக்கு அந்த எண்ணெய் ஓரிடத்தில் நிற்காது. ஊர்ந்து ஊர்ந்து லென்ஸின் இதழ்கள் வரை போய், அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும்.

மெதுவான வேகங்களை நிர்ணயிப்பது தனியாக உள்ள ஒரு பல்சக்கரத் தொகுதி. சக்கரங்களின் அச்சு ஒவ்வொன்றும் மிக மெல்லியதாக இருக்கும். அந்த அச்சுகளில் தொழிற்சாலையில் வைத்த துளி எண்ணெய் இத்தனை ஆண்டில் பழுப்பு நிறப் பிசினாகியிருந்தது. இந்த இடத்தில் அவசரப்படுபவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. கேமராவின் அடியில் இரண்டு திரைகளுக்கும் தனித்தனி ஸ்பிரிங், அவற்றை இறுக்க வழியும் உண்டு. அழுக்கை அப்படியே விட்டுவிட்டு ஸ்பிரிங்கை இறுக்கினால் கேமரா சரியான வேகத்துக்கு வந்ததுபோலத் தோன்றும். ஆறு மாதம் ஓடும். பிறகு அதே அழுக்கு இன்னும் இறுகி நிற்க, ஸ்பிரிங்கும் களைத்துப்போயிருக்கும். கழுவாமல் இறுக்காதே என்பதில் சீஃபூ மிகக் கண்டிப்பானவர். தொகுதியைத் தனியே எடுத்து லைட்டர் பெட்ரோலில் ஊறவைத்தேன். ஊசி முனையால் சக்கரத்தை மெல்ல ஓட்டி ஓட்டி, பெட்ரோலை மூன்று தடவை மாற்றினேன். பழுப்புக் கரைந்து கிண்ணத்தின் அடியில் தேநீர் வண்டல்போலப் படிந்தது. காயவைத்து, அச்சுகளில் மட்டும் ஊசி முனையால் தொட்ட அளவு எண்ணெய். அதற்குமேல் ஒரு துளியும் கூடாது. காதில் வைத்தேன். ‘ர்ர்ர்ர்’ என்று ஒரே சுருதியில் ஓடி நின்றது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அந்த முதல் ஓட்டத்தைக் கேட்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

கேமராவுக்குள் எழும்பும் கண்ணாடி வந்து முட்டும் இடத்தில் வைத்திருந்த ஸ்பாஞ்சு தாராகியிருந்தது. பின்கதவின் விளிம்பில் வெளிச்சம் புகாமல் ஒட்டிய ஸ்பாஞ்சும் அப்படியே. அந்தக் காலத்து ஸ்பாஞ்சு ஈரத்தில் சிதைந்து ஒட்டும் கறுப்புப் பிசினாகிவிடும். நம் ஊரில் இது தவறாமல் நடக்கும். ஒலிம்பஸ் ஓஎம்-1-இல் இதைவிட மோசம். பிரிசத்தைச் சுற்றி வைத்த ஸ்பாஞ்சு கரைந்து பிரிசத்தின் வெள்ளிப் பூச்சையே தின்றுவிடும், பார்வையில் கறுப்புக் கோடு விழும். பிசினைச் சுரண்ட இரும்பைப் பயன்படுத்த மாட்டேன். சாத்தே குச்சியைச் சீவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்து, மெல்ல மெல்ல எடுப்பேன். ஒரு கதவுக்கு முழு மாலை நேரமும் போய்விடும். பேட்டரி அறையிலும் வேலை இருந்தது. உள்ளேயே விட்ட பேட்டரி கசிந்து வெண்பச்சையாகப் பூத்திருந்தது. வினிகர் தொட்டுத் துடைத்து, அரித்துப்போன ஒயரை மாற்றிப் பற்றவைத்ததும் மீட்டர் முள் எழுந்தது.

லென்ஸ்தான் கவலை. 50 மி.மீ., எஃப்/2. முன்கண்ணாடியில் இருந்த பூஞ்சை, ஹைட்ரஜன் பெராக்சைடும் அமோனியாவும் சம அளவு கலந்து துடைத்ததும் போனது. பின்கண்ணாடியில் நூல்கள் போயின, தடம் போகவில்லை. நத்தை ஊர்ந்ததுபோல மெல்லிய கோடுகள் மேற்பூச்சில் பதிந்துவிட்டன. எத்தனை துடைத்தாலும் அது இனிப் போகாது.

பழுதுபார்ப்பவன் உண்மை பேசவேண்டிய இடம் இதுதான். காப்பார் பெண்ணை வரச் சொல்லி, கைவிளக்கை லென்ஸின் பின்னால் வைத்து அந்தத் தடத்தைக் காட்டினேன். இதே மாதிரி வேறு லென்ஸ் என்னிடம் இருக்கிறது, வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம் என்றேன்.

“இது படத்துல தெரியுமா அண்ணே?”

“எல்லாப் படத்துலயும் தெரியாது தங்கச்சி. வெயிலுக்கு எதிரே புடிச்சா மங்கலா, புகை மாதிரி வரும். வெயில் உங்க முதுகுக்குப் பின்னால இருந்தா ஒண்ணும் தெரியாது.”

அவர் சிரித்தார். “அப்பா எங்கள எப்பவும் வெயிலப் பார்த்துத்தான் நிக்க வைப்பாரு. தோட்டத்துல எடுத்த எல்லாப் படத்துலயும் கண்ணச் சுருக்கிக்கிட்டுத்தான் நிப்போம். இதே லென்ஸ் இருக்கட்டும் அண்ணே.”

அந்தக் கேமராவைப்பற்றி அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டே மூடினேன். காப்பார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அது ஒன்றுதான் கேமரா. கல்யாணம், காதுகுத்து, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, மாரியம்மன் திருவிழா எல்லாவற்றுக்கும் கிராணியைத்தான் கூப்பிடுவார்கள். ரோல் முடிந்ததும் கிள்ளானுக்குக் கொண்டுவந்து கழுவி எடுத்துப் போவார். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. லயன் வீடுகளை இடித்துத் தொழிற்சாலை வந்துவிட்டது. அங்கே வாழ்ந்த பல குடும்பங்களிடம் தாத்தா பாட்டியின் படம் என்று இருப்பது அந்த லென்ஸ் வழியாக வந்ததுதான்.

நடுவில் எனக்கு வேலையே இல்லாத காலம் ஒன்று இருந்தது. 2006 ஜனவரியில் நிக்கான் தன் பிலிம் கேமராக்களில் பெரும்பாலானவற்றை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2012 ஜனவரியில் கோடாக் திவாலாகி நீதிமன்றம் போனது. கல்யாண வீட்டுப் படக்காரர்கள் அதற்கும் முன்பே டிஜிட்டலுக்குப் போய்விட்டார்கள். 2001-இல் கேஎல் சென்ட்ரல் திறந்த பிறகு பிரிக்பீல்ட்ஸில் வாடகையும் ஏறிக்கொண்டே போனது. சீஃபூ காலமான பிறகு நான் நடத்திவந்த மாடிப்படிக் கடையை மூடிவிட்டு, மேசையையும் டிவியையும் லோரியில் ஏற்றி கிள்ளானில் என் வீட்டு முன்னறைக்குக் கொண்டுவந்தேன். தெங்கு கெலானா சாலையில் ஒரு கடையில் கணக்கெழுதிப் பிழைத்தேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அலமாரியிலிருந்த கேமராக்களை எடுத்து வைத்து ஒவ்வொன்றையும் பத்துத் தடவை ஓட்டிவிட்டுத்தான் குளிக்கப் போவேன்.

பிறகு பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். இருபது வயதுப் பிள்ளைகள், தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும். கொமுட்டர் ரயிலில் ஏறி, கழுத்தில் தாத்தாவின் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவார்கள். “அங்கிள், இது ஓடுமா?” என்பார்கள். 2024-இல் பெண்டாக்ஸ் பெயரிலேயே புதிதாக ஒரு பிலிம் கேமரா, பெண்டாக்ஸ் 17 என்று வெளிவந்தது. ஒரு ரோலில் இரண்டு மடங்கு படம் எடுக்கும் அரைச்சட்டக் கேமரா. அந்தச் செய்தியைப் படித்த அன்று சீஃபூ இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இவர்களுக்கு நான் சொல்வது சில விஷயங்கள்தான். 1970-களின் கேமராவில் மீட்டர் தப்பாகக் காட்டினால் மீட்டரை உடனே குறை சொல்லக்கூடாது. அவற்றில் பல, பாதரச பேட்டரியின் 1.35 வோல்ட்டுக்காகச் செய்தவை. சூழலுக்குக் கேடு என்று அந்த பேட்டரிகள் போய்விட்டன. அதே அளவில் இப்போது கிடைப்பது 1.5 வோல்ட். போட்டால் மீட்டர் வெளிச்சத்தைக் கூடுதலாகக் காட்டும், படம் இருண்டு வரும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் பேட்டரி ஏறக்குறைய அந்த வோல்ட்டேஜ் தரும். சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் வைத்தால் பொருந்திவிடும். சில வாரங்களில் தீர்ந்துவிடும், மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். கேனன் ஏஇ-1 அமுக்கும்போது இருமுவதுபோலக் கீச்சிட்டால் பயப்பட வேண்டாம். கண்ணாடியை ஓட்டும் சக்கரம் காய்ந்திருக்கிறது, சரியான இடத்தில் ஒரு துளி எண்ணெய் போதும். சட்டைப்பையில் போடும் சின்ன ஆட்டோமேட்டிக் கேமராக்களை மட்டும் நான் வாங்குவதில்லை. மின்சுற்று போனால் மாற்ற உதிரிபாகம் கிடையாது. அவற்றின் பிளாஷுக்குள் உள்ள கெப்பாசிட்டர் சுமார் 300 வோல்ட்டைத் தேக்கிவைத்திருக்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும். வீட்டில் ஸ்க்ரூ டிரைவரோடு அதைத் திறக்கும் பிள்ளைகளை நினைத்தால் எனக்குப் பதறும்.

உதிரிபாகத்துக்கு வழி, பாழான இன்னொரு கேமரா. புடு பிளாசாவின் பழைய கேமராக் கடைகளிலும், பெட்டாலிங் ஜெயா ஆம்கோர்ப் மாலின் வார இறுதிப் பழம்பொருள் சந்தையிலும் சுற்றி, ஓடாத கேமராக்களை வாங்கிவருவேன். ஒன்றின் பிரிசம் இன்னொன்றுக்குப் போகும், ஒன்றின் நெம்புகோல் வேறொன்றுக்கு.

2021 டிசம்பர் 18-ஐ சிலாங்கூரில் இருக்கும் யாரும் மறக்க முடியாது. ஒரு நாளுக்கு மேல் நிற்காமல் கொட்டிய மழையில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா கூரை வரை மூழ்கியது. கிள்ளானிலும் பல வீடுகளுக்குள் தண்ணீர். ஜனவரி முழுக்க என் மேசையில் சேறு படிந்த கேமராக்கள் வந்து குவிந்தன. வெள்ளத்தில் போன பொருள்களையெல்லாம் தெருவில் குவித்துவிட்டு, கேமராவை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். பெரும்பாலோர் வெயிலில் காயவைத்திருந்தார்கள். சிலர் அரிசிக்குள் புதைத்து வைத்திருந்தார்கள். அந்தச் சேறு காய்ந்தால் சிமெண்டு மாதிரி. சக்கரத்தின் பல்லிடுக்கில் இறுகி, இரும்பில் துருவையும் கூட்டிவிடும். சேற்றில் மூழ்கிய இயந்திரக் கேமராவை முதலில் சுத்தமான தண்ணீரில் போட்டு அலசி, பிலிமையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரோடே டப்பாவில் மூடிக் கொண்டுவந்திருந்தால் ஓரளவு காப்பாற்றியிருக்கலாம். அப்படி ஒரே ஒருவர் கொண்டுவந்தார், ஒரு பழைய மினோல்டாவை, மைலோ டின்னில் முக்கி. யாரோ பெரியவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அது இன்றைக்கும் ஓடுகிறது. மற்றவர்களிடம் முடியாது என்று சொல்லும்போது அவர்கள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வீட்டையே இழந்தவரிடம் இதையும் சொல்ல நேர்ந்தது. பணம் வாங்காமல் சேற்றைக் கழுவி, துடைத்து, ஓடாவிட்டாலும் கேமரா உருவத்தோடு திருப்பிக் கொடுத்தேன்.

காப்பார் பெண் கேமராவை வாங்க வந்த அன்று தோல் உறையையும் கையில் கொடுத்தேன். “இத வேணும்னா ஞாபகத்துக்கு வச்சுக்கங்க. கேமராவ மட்டும் இதுக்குள்ள போடாதீங்க” என்றேன். தினமும் வெளிச்சம் படும் இடத்தில் வைக்கச் சொன்னேன். வாரத்துக்கு ஒருமுறை, ரோல் இல்லாவிட்டாலும், எல்லா வேகத்திலும் ஓட்டச் சொன்னேன். இன்னொன்றையும் இரண்டு தடவை சொன்னேன். இந்த மாடலில் மீட்டரை நிறுத்த சுவிட்ச் கிடையாது. லென்ஸில் வெளிச்சம் விழும் நேரமெல்லாம் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். எடுத்து முடித்ததும் மூடியைப் போட்டுவிட வேண்டும். 130 வெள்ளி வாங்கினேன்.

எட்டு மாதம் கழித்துத் திரும்ப வந்தார். “முள்ளு அசையல அண்ணே.”

அடிமூடியைக் கழற்றி பேட்டரியைச் சோதித்தேன். ஒன்றுமில்லை, முழுக்கத் தீர்ந்திருந்தது.

“எங்க வச்சிருக்கீங்க?”

“ஹால்லதான், டிவி பக்கத்துல. புள்ளைங்க எடுத்து எடுத்து மூடி எங்கேயோ போயிருச்சு.”

இழுப்பறையில் தேடி 49 மி.மீ. மூடி ஒன்றை எடுத்துப் போட்டேன். புது எல்ஆர்44 பேட்டரி வைத்து, 1 நொடிக்குத் திருப்பிக் காதில் வைத்தேன். நன்றாக ஓடியது. எவ்வளவு என்று கேட்டவருக்கு ஒன்றும் வேண்டாம் என்றேன். அவர் கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினார். உள்ளே கழுவிய படங்கள். வீட்டு வாசலில், காலை வெயிலைப் பார்த்தபடி, பிள்ளைகள் மூவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள்.